பயப்படுகிறேன், அறை இல்லை

மேலாளர் ஜெயசீலன் வரவேற்பு மேசைக்குள் ஒட்டிய தாளில்
முதல் வரி அதுதான்:
ஐ ஆம் அஃப்ரெய்ட், வி ஹேவ் நோ ரூம்ஸ்.

பயப்படுகிறேன், எங்களிடம் அறை இல்லை.

யாருக்குப் பயம், எதற்கு என்று கேட்டேன்.
அறை கிடைக்காதவர்தானே பயப்பட வேண்டும்,
ஏற்காட்டில், மே மாதத்தில், இரவு எட்டரைக்கு,
பின்சீட்டில் வாந்தி எடுத்த குழந்தையோடு?
'அது பயமில்லம்மா, மரியாதை' என்றார்.
அதில் எனக்கு ஆச்சரியமில்லை.
பயபக்தி என்று நாமும்தான்
இரண்டையும் ஒட்டி வைத்திருக்கிறோம்.

அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு.
வளைவுக்கு ஒரு வாக்கியம்
ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி முணுமுணுத்தேன்.
ஐ ஆம் அஃப்ரெய்ட், வெந்நீர் ஒன்பது மணி வரைதான்.
ஐ ஆம் அஃப்ரெய்ட், உங்கள் பூரியைக் குரங்கு எடுத்துப்போய்விட்டது.
ஐ ஆம் அஃப்ரெய்ட், பனி மறைத்த காட்சிக்குப்
பணம் திருப்பித் தருவதில்லை.
பன்னிரண்டாம் வளைவில் பக்கத்து இருக்கைக்காரர்
'தல சுத்துதாம்மா' என்று
எலுமிச்சம்பழம் நீட்டினார்.

நம்மிடம் இதற்கு என்ன இருக்கிறது?
'தப்பா நெனச்சுக்காதீங்க' இருக்கிறது.
'வந்து…' இருக்கிறது; இழுக்கிற இழுப்பிலேயே
எதிரில் நிற்பவருக்கு விளங்கிவிடும்.
தாரமங்கலத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்
கேசரியை வழித்துத் தின்றுவிட்டு
'ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்' என்றார்கள்.
பயப்பட்டதாக யாரும் சொல்லவில்லை.
செருப்பு மாட்டும்போது
அந்தப் பையன் போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு மாதத்தில் நாக்கு திரும்பிவிட்டது.
நாளைக்கு நாற்பது முறை பயப்படுகிறேன் என்று சொல்லி
ஒருமுறையும் பயப்படாத பெண்
கொண்டலாம்பட்டியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.
ஜெயசீலன் சார் பாராட்டினார்,
காற்புள்ளி இருக்குமிடத்தில்
சரியாக மூச்சு விடுகிறேனாம்.

அந்தச் சனிக்கிழமை கரண்ட் இல்லை.
ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருந்தது.
போர்டிகோவில் பனி வந்து நின்றது.
பனிக்குள் இன்னொன்று நின்றது.
முதலில் மூச்சு.
அப்புறம் நாலு காலுக்கும் வெள்ளைக் காலுறை.
அப்புறம் கொம்பு.

காட்டு மாடு.
குரோட்டன்ஸ் தொட்டியை முகர்ந்துவிட்டு
கண்ணாடிக் கதவில் தன்னையே பார்த்தது.
கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை என்று
போன வாரம்தான் நோட்டில் எழுதியிருந்தேன்.

படியிறங்கி வந்தார் இருநூற்றி நாலு.
புனேக்காரர், கையில் பெட்டி, கண் செல்போனில்.
டாக்ஸி வந்துவிட்டதா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

வாயைத் திறந்தேன்.
'ஐ ஆம் அஃப்ரெய்ட்.'

நின்றார்.
புருவத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார்.
டாக்ஸி ரத்தா, தாமதமா, கூடக் காசா என்று
காற்புள்ளிக்குப் பின்னால் வர வேண்டியதற்காக
நல்ல மனிதர், பொறுமையாகக் காத்திருந்தார்.

என்னிடம் அதற்குப் பின்னால் எதுவும் இல்லை.
வாக்கியம் முடிந்துவிட்டிருந்தது.

'யெஸ்?' என்றார்.
கையைத் தூக்கிக் காட்டினேன்.

பெட்டியை மெல்லக் கீழே வைத்தார்.
மேசையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தார்,
சாவிப் பலகைக்குக் கீழே என் பக்கத்தில் குந்தினார்.
மராத்தியில் ஏதோ சொன்னார், சத்தமில்லாமல்.
'ஆமாங்க' என்றேன்.

மாடு புறப்பட இருபது நிமிடம் ஆனது.
அதற்கொன்றும் அவசரமில்லை.

அப்புறம் போன் அடித்தது.
சென்னையிலிருந்து யாரோ, நாளைக்கு இரண்டு அறை,
லேக் தெரிகிற மாதிரி.

'இல்லைங்க' என்றேன்.